தொலைவிலிருந்து வரும் ரோஜா விலை குறைவாக இருப்பது ஏன்?

கேள்வி: ஐரோப்பியப் பூக்கடைகளில், கென்யாவிலிருந்து விமானத்தில் வரும் ரோஜா நெதர்லாந்தில் விளைந்ததைவிடப் பல சமயங்களில் விலை குறைவாக இருக்கிறது. அது தரம் குறைந்ததா? வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இந்த விலை வேறுபாட்டுக்குத் தரத்தைவிடத் தட்பவெப்பமே பெரிய காரணம். கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகள் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் சுமார் 12 மணி நேரம் நீடிக்கிறது; ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெப்பமும் மிதமாக இருக்கிறது. செடிக்குச் செயற்கை வெப்பமும் விளக்கும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் குளிர்காலச் சாகுபடிக்கு இவை இரண்டும் வேண்டும். அதனால்தான் 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது அங்குப் பல விவசாயிகள் உற்பத்தியைக் குறைத்தார்கள். சுற்றுச்சூழல் பாதிப்பிலும் இந்த வேறுபாடு தெரிகிறது: விமானப் பயணத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட 2007-ஆம் ஆண்டின் பிரிட்டன் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு, 12,000 ரோஜாக்களுக்கான கரியமில வாயு வெளியேற்றம் கென்யாவில் சுமார் 2,200 கிலோ என்றும், நெதர்லாந்தில் சுமார் 35,000 கிலோ என்றும் கண்டது. இதை வைத்துக் கென்யப் பூவைக் குறையற்றதென்று சொல்லிவிட முடியாது. ஏரி நீரின் பயன்பாடும் தொழிலாளர் கூலியும் அங்கு உண்மையான கவலைகள். ஃபேர்டிரேடு (நியாய வணிகச் சான்று) முத்திரை உள்ள பூவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம் என்றே கருதுகிறேன்.

இன்னும் உயரமான ஈக்வடார் மலைப்பகுதியில் மொட்டு மெதுவாக முதிர்வதால் பூ பெரிதாகவும் காம்பு நீளமாகவும் வளர்கின்றன. அந்த ரோஜாவின் கூடுதல் விலைக்கு அதுவே காரணம்.

பிப்ரவரி 14-ஐ ஒட்டி ஏறும் விலையோ வேறு வகையைச் சேர்ந்தது. உலகின் பல நாடுகள் ஒரே நாளுக்குச் சிவப்பு ரோஜா கேட்பதால் விலை உயர்கிறதே தவிர, பூ மேம்படுவதில்லை. அந்த நாளுக்கென்று முன்கூட்டியே வெட்டிக் குளிரறையில் வைத்திருந்த மொட்டுகளும் சந்தைக்கு வரக்கூடும். நாள் முக்கியமில்லை என்றால் ஒரு வாரம் தள்ளி வாங்குங்கள், அல்லது டியூலிப்பைத் தேர்ந்தெடுங்கள். அதன் கிழங்குக்குப் பல வாரக் குளிர் தேவை என்பதால் நெதர்லாந்தின் தட்பவெப்பம் அதற்கு இயல்பாகவே பொருந்துகிறது; குளிர்கால இறுதியில் வரத்தும் மிகுதியாக இருக்கும்.

வாங்கும்போது நாட்டின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், எப்போது வெட்டியது, வழியில் குளிர் விட்டுப்போகாமல் வந்ததா என்றும் கேளுங்கள். மொட்டின் அடிப்பாகத்தை மெல்ல அழுத்தினால் இறுக்கமாக இருக்க வேண்டும். காம்பின் வெட்டிய அடிமுனை அழுகிப் பிசுபிசுப்பாக இருந்தால் வாங்காதீர்கள். பழுத்த பழங்களுக்கு அருகில் வைத்து விற்கும் பூவையும் தவிர்ப்பது நல்லது. பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பல வகைப் பூக்களை விரைவில் வாடச் செய்யும்.