போக்குவரத்து நேரம் தாறுமாறாக இருக்கும்போது குடோனை எங்கே வைப்பது, லைனை எப்படிப் பிரிப்பது?

நெல்லையில் பிஸ்கட் ஏஜென்சி எடுத்திருக்கிறீர்கள், ஐந்து லைன் (வண்டி கடைகளுக்குச் சரக்குப் போடும் ரூட்), குடோனுக்கு டவுனிலும் தாமிரபரணிக்கு அக்கரையில் பாளையிலும் (பாளையங்கோட்டை) இடம் பார்த்திருக்கிறீர்கள், ஒரே ரோட்டுக்கு ஒருநாள் 40 நிமிஷமும் இன்னொரு நாள் ஒன்றேகால் மணியும் ஆகிறதே என்று கேட்கிறீர்கள். நானும் இதே தொழில்தான். முதல் மூன்று வருஷம் சராசரி நேரத்தை நம்பி டவுனில் இருந்தேன். வாடகை மலிவு, கிலோமீட்டர் கூட்டினாலும் டவுன்தான் ஜெயித்தது.

ஆனால் தெற்கே போகும் நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை மூன்று வண்டியும் டவுனிலிருந்து காலையில் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். வண்ணார்பேட்டைப் பக்கம் அடைத்துக்கொண்டால் மூன்று டிரைவரும் வரிசையாகப் போன் போட்டு "அண்ணாச்சி, பாலத்துல நிக்கேன்" என்பார்கள். ஒரு வண்டி சுணங்கினால் இன்னொன்றை விட்டுச் சமாளிக்கலாம், மூன்றும் ஒரே இடத்தில் நின்றால் என்னத்தைச் செய்ய? கணக்கிலும் இதுதான் விஷயம். வழியில் நாலு இடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் 5 நிமிஷம் முன்னே பின்னே ஆனால் மொத்த ஏற்ற இறக்கம் 20 வராது, 10 நிமிஷம்தான் (வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்). ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடித்துவிடுவோம். எல்லாத் தாமதத்துக்கும் ஒரே பாலம் காரணமென்றால் அந்தச் சலுகை கிடைக்காது.

அப்புறம், தாமதத்தின் விலை நிமிஷக் கணக்கில் ஏறுவதில்லை. திசையன்விளைக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனால் ஒன்றுமில்லை. கடைக்கார அண்ணாச்சி சாப்பிடப் போனபிறகு போனால் அந்தச் சுற்றே வீண், சரக்கு அப்படியே திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு லைனுக்கும் 30 நாள் நேரம் நோட்டில் எழுதி, குறைந்ததிலிருந்து வரிசையாக அடுக்கி, 27ஆவது எண்ணை எடுங்கள். பத்தில் ஒன்பது நாள் அதற்குள் முடியும். திட்டத்தை அதை வைத்துப் போடுங்கள்.

எழுதும்போதே பக்கத்தில் தேதிக்குறிப்பும் போடுங்கள், ஏனென்றால் நாம் நிச்சயமில்லை என்று புலம்புவதில் பாதி காலண்டரிலேயே இருக்கிறது. முகூர்த்த நாள், ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதி, குற்றாலம் சீசனில் சனி ஞாயிறு தென்காசி ரோடு, இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்ததுதானே. 2023 டிசம்பர் 17, 18 மாதிரி வெள்ளத்துக்கு எந்தக் கணக்கும் நிற்காது, ஆற்றோரப் பள்ளத்தில் குடோன் எடுக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

எந்த வண்டி எந்தக் கடைக்கு எந்த வரிசையில் போவது என்று பிரித்துத் தர சாஃப்ட்வேர் வேண்டுமென்றால் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் இலவசம். 1959இல் டான்ட்சிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெட்ரோல் லாரிகளுக்காக எழுதிய கணக்கின் வழிவந்ததுதான். ஆனால் அதற்கு இங்கிருந்து அங்கே இத்தனை நிமிஷம் என்று ஒரே எண்ணாகக் கொடுக்க வேண்டும். சராசரியைக் கொடுத்து ஒருதடவை, அந்த 27ஆவது எண்ணைக் கொடுத்து ஒருதடவை ஓட்டுங்கள். லைன் பிரிப்பை அடுத்த வாரமே மாற்றிக்கொள்ளலாம், குடோனை அப்படி மாற்ற முடியாது. ஆகவே இரண்டாவது விடையைப் பார்த்தே இடத்தை முடிவு செய்யுங்கள்.

நான் நாலாவது வருஷம் பாளைக்கு மாறினேன். டீசல் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. இப்போது பாலம் தாண்டுவது அம்பையும் தென்காசியும் மட்டும், அவை காலை 6 மணிக்கே கிளம்பிவிடும். உங்களுக்குத் தெற்கு லைன் எத்தனை என்று எழுதவில்லை, இரண்டுக்கு மேல் என்றால் பாளைதான் என்பேன். எதற்கும் அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு முகூர்த்த நாள் காலை எட்டரைக்கு அந்தக் குடோன் வாசலிலிருந்து ஒரு குட்டியானையை லோடோடு விட்டுப் பாருங்கள்.