மாடியில் சீமை அத்தி: கேட்டதும் சொன்னதும்

மதுரையிலிருந்து: நர்சரியில் பூனா, டயானா, பிரவுன் டர்க்கி மூன்று ரகமும் இருக்கின்றன. மாடிக்கு எது?

பிரவுன் டர்க்கி. கவாத்து செய்தாலும், அதாவது கிளையை வெட்டிவிட்டாலும், புதுத் துளிரிலேயே காய் பிடிக்கும், தொட்டிக்கு அடங்கும். டயானாவின் பழம் பெரிது, தோல் பச்சை கலந்த மஞ்சள். ருசிக்கு என் ஓட்டு பூனாவுக்குத்தான். ஆனால் தோல் மெல்லியது, பறித்த இரண்டாம் நாளே குழைந்துவிடும். புனே பக்கம் புரந்தரில் விளையும் அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே மழைக்கால விளைச்சலை ‘கட்டா பஹார்’, கோடை விளைச்சலை ‘மீட்டா பஹார்’ என்பார்கள். புளிப்புப் பருவம், இனிப்புப் பருவம். மரம் ஒன்றுதான், ரகமும் ஒன்றுதான். அதனால் மழையில் ஒரு பழத்தைக் கடித்துவிட்டு ரகத்துக்கு மார்க் போடாதீர்கள்.

கரூரிலிருந்து: செடி வாங்கி எட்டு மாதம். முதல் பழம் தண்ணீராக இருந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி. இளஞ்செடியின் முதல் பழங்கள் அப்படித்தான். என் பூனாவை இரண்டாம் வருஷம் வெட்டிப்போட அரிவாளோடு மாடிக்குப் போனவன் நான். வீட்டம்மா தடுத்துவிட்டார். மூன்றாம் கோடையில் ஒரு பழம் காம்பு துவண்டு தலைகீழாகத் தொங்கியது, தோலில் வெள்ளை வெள்ளையாகக் கீறல், பழத்தின் அடியில் இருக்கும் சிறு துளையில் தேன் போல ஒரு சொட்டு. அதுதான் பழுத்த அடையாளம். முந்திப் பறித்தால் வைத்திருந்து இனிக்காது.

சேலத்திலிருந்து: உலர் அத்தியின் விதை முளைத்திருக்கிறது. வளர்க்கலாமா?

வளர்க்கலாம், பழத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். துருக்கி உலர் அத்தி பெரும்பாலும் ஸ்மிர்னா வகை. அதன் விதையில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகப் போகும். மீதியிலும் குளவி வந்து மகரந்தம் சேர்க்காமல் காய் நிற்காத மரங்கள் இருக்கும். குச்சியோ பதியனோ வாங்குங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: குச்சி நட்டேன். மூன்று இலை விட்டு, இருபதாம் நாள் வாடிவிட்டது.

இலை வந்தால் வேர் வந்ததாக அர்த்தமில்லை. குச்சியில் இருந்த சாப்பாட்டை வைத்தே இலை வந்துவிடும், வேர் பின்னால்தான் வரும். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. நிழலில் வையுங்கள். மண்ணைப் பிழிந்தால் சொட்டாத ஈரம் போதும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்த்தீர்களா? பார்த்திருப்பீர்கள்.

ஓசூரிலிருந்து: முதல் காய்ப்பு சப்பென்று இருக்கிறது, டயானா.

கரூர் தம்பிக்குச் சொன்னதுதான்.

சென்னையிலிருந்து: அத்திக்குள் குளவி செத்துக் கிடக்குமாமே? நாங்கள் சைவம்.

உங்கள் மாடி அத்தியில் கிடக்காது அம்மா. நான் சொன்ன மூன்றும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பவை.

குறுக்கே ஒருவர், தென்காசியிலிருந்து: தவறு. எங்கள் ஆற்றோரத்தில் புட்டுப் பார்த்த அத்தியில் எல்லாம் பூச்சி. பழமொழியே இருக்கிறது.

ஐயா, அது அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி. அதற்குத் தனிக் குளவி உண்டு. பழமொழி அதைப் பற்றியது, நானும் ஒத்துக்கொள்கிறேன். சீமை அத்தி வேறு மரம்.

தென்காசி: அப்படியானால் கடையில் விற்கும் உலர் அத்தி?

சரி, நல்ல கேள்வி. ஸ்மிர்னா வகைக்குக் குளவி வேண்டும். கலிபோர்னியாவில் அந்த மரங்களை நட்டு, காய் காயாக உதிர்ந்து, 1899-ல் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பழம் நின்றது. உள்ளே போன குளவி திரும்புவதில்லை. சாப்பிடுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. நான் சாப்பிடுகிறேன், என் அண்ணி தொடுவதில்லை.

சென்னை: அப்போது என் மாமியாரிடம் என்ன சொல்ல?

மாடிப் பழத்தைப் பிட்டு உள்ளே காட்டுங்கள்.

வேலூரிலிருந்து: மழையில் இலையடியில் துரு நிறப் புள்ளி, இலை கொட்டுகிறது.

துரு நோய். கொட்டிய இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், தண்ணீரை வேரில் மட்டும் விடுங்கள். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள். கிளையில் வடியும் பால் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

ஈரோட்டிலிருந்து: என் பூனா இனிக்கவே இல்லை. ரகத்தை மாற்றிவிடலாமா?

செடிக்கு வயது என்ன, பறித்தது எந்த மாதம்? இரண்டையும் எழுதிவிட்டு அரிவாளை எடுங்கள்.