ஒன்பது படத்தையும் ஒரே தாளில் காட்டாதீர்கள்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம், தம் உடலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றறிய, ஒன்பது உடல் உருவப் படங்களைக் காட்டினால் பாதிப் பேர் நடுப்படத்தையே தொடுகிறார்கள், படங்கள்தான் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டிய விதத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். 1983இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டங்கார்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட அந்தப் படங்கள் மெலிவிலிருந்து பருமன் வரை வரிசையாக நிற்பவை, பக்கத்தில் தோழி எட்டிப் பார்க்கும்போது கூச்சப்படுகிற பிள்ளை நடுவைத் தொட்டுத் தப்பிவிடும். தனித்தனி அட்டையாக வெட்டிக் கலைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள். இப்போது எப்படி இருக்கிறீர்கள், அப்புறம் எப்படி இருக்க விருப்பம். தெரிவான இரண்டு படங்களின் வரிசை எண்களுக்கிடையிலான வித்தியாசம் உடல் மீதான அதிருப்தியைத்தான் காட்டும். தன் உடலைச் சரியாகக் கணித்தாரா என்றறிய உயரமும் நிறையும் வேண்டும். தயவுசெய்து நிறையைக் கடைசியில், வேறு யாருக்கும் கேட்காமல் எடுங்கள், முதலே எடுத்தால் அந்த எண்ணை மனதில் வைத்துத்தான் படத்தைத் தெரிவு செய்வார்கள்.