மகனின் முதல் கேமை ஸ்டீமில் வெளியிடுவதற்கு முன்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகன் தானே உருவாக்கிய கணினி விளையாட்டை ஸ்டீம் தளத்தில் வெளியிடுவதற்காக 100 டாலர் கேட்கிறான் என்றும், கொடுப்பதா மறுப்பதா என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பணத்தைக் கொடுங்கள்; ஆனால் அவனுக்கு 18 வயது நிறைந்த பிறகு கொடுங்கள். அதுவரை செலவே இல்லாமல் அவன் செய்து பழக வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் உங்கள் கணவரின் அச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் கேம் என்றதும் ரம்மியும், அதில் பணத்தைத் தொலைத்த குடும்பங்களும் நினைவுக்கு வருவது இயல்பே. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்வது, பணம் கட்டி ஆடி, பணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் விளையாட்டுகளைத்தான். உங்கள் மகன் செய்திருப்பது ஒரு புத்தகத்தைப் போன்ற விற்பனைப் பொருள். வாங்குபவர் ஒருமுறை விலை கொடுத்து வாங்கி விளையாடுகிறார், அத்துடன் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது.

ஸ்டீம் என்பது வால்வு என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தும் கடை. 2017 ஜூன் முதல், ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் செலுத்தி, நிறுவனத்தின் சோதனையில் தேறினால் எவரும் அங்கே விற்கலாம். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். விற்பனையில் 30 விழுக்காடு கடைக்கு உரியது. வாசல் இவ்வளவு அகலமாக இருப்பதால் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் அங்கே வந்து சேர்கின்றன என்பதையும், அவற்றில் பலவற்றுக்கு அந்த 1,000 டாலர்கூட எட்டாக் கனியாகவே இருக்கிறது என்பதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயது ஏன் முக்கியம் என்றால், ஸ்டீமில் விற்பவர் வால்வுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது. மாமா பெயரிலோ அண்ணன் பெயரிலோ கணக்குத் தொடங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். ஒப்பந்தம், வரிப் படிவம், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே சட்டப்பூர்வப் பெயர் இருக்க வேண்டும். கணக்கு யாருடையதோ வருமானமும் அவருடையதாகவே வரித்துறையின் கண்ணுக்குத் தெரியும்.

இந்தப் பெயர் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வங்கிப் புத்தகத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், பான் கார்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய வேறொரு பெயர், மதிப்பெண் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று என்று இருக்கும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவருக்கு விளையாட்டு முழுமையாகத் தயாராகியும், பான் கார்டில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்துப்போகாத ஒரே காரணத்தால் வாரக்கணக்கில் வேலை நின்றுபோனது. எனவே இப்போதே மூன்றையும் மேசையில் அடுத்தடுத்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையைக் குறிப்பிட்டால், அமெரிக்காவில் வாங்குவோரிடமிருந்து வரும் பங்கில் 30-க்குப் பதிலாக 15 விழுக்காடு மட்டுமே பிடித்தம் செய்வார்கள். அந்த வருமானத்தை இங்கேயும் கணக்கில் காட்ட வேண்டும்; அதற்கு ஓர் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

அடுத்து, விளையாட்டு எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். ஸ்டீமில் வாங்கியவர் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டை ஒருவர் முழுமையாக ஆடி முடித்துவிட்டுத் திருப்பித் தந்தாலும் விதிப்படி அதில் தவறில்லை. முதல் விளையாட்டு சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அதை இலவசமாகவே வெளியிடுவது பொருத்தம்.

அதற்கு ஏற்ற இடம் இட்ச் டாட் ஐஓ என்ற இணையதளம். அங்கே கட்டணம் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. இணைய உலாவியில் இயங்கும் வடிவில் தயாரித்து, ஒரு ஜிப் கோப்பாக ஏற்றினால், யாரும் எதையும் நிறுவாமல் அந்தப் பக்கத்திலேயே விளையாடலாம். உங்கள் பார்வையில், உங்கள் ஒப்புதலோடு அவன் அங்கே கணக்குத் தொடங்கட்டும்.

ஏற்றுவதற்கு முன் அவன் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான மாணவர்கள் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி மடிக்கணினியுடன் வந்து தன் விளையாட்டை ஆடிப் பார்க்கச் சொன்னார். முதல் அறையிலேயே ஒரு மூடிய கதவு இருந்தது. அம்புக்குறி விசைகளை அழுத்தினேன், ஸ்பேஸ் விசையை அழுத்தினேன், மவுஸால் கதவின் மேல் சொடுக்கினேன், கதவு அசையவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் நாற்காலியின் நுனியில் கைகளைக் கோத்தபடி அமர்ந்திருந்தார். ஏறத்தாழ நான்கு நிமிடம் கழித்துத் தற்செயலாக ஆங்கில ‘இ’ (E) விசை பட்டுக் கதவு திறந்தது. எட்டு மாதம் உழைத்தவருக்கு அந்த விசை மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருந்தது. அதைத் திரையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அன்றிரவே கதவின் மேல் ஒரு சிறு குறியை வைத்துவிட்டதாகத் தெரிவித்தார். உங்கள் மகனும் இப்படி ஐந்து பேரை விளையாட வைத்து, பக்கத்தில் பேசாமல் அமர்ந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நண்பர்களைவிட, அவனைப் பாராட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் நல்லது. நீங்களும் ஒருமுறை விளையாடுங்கள், அம்மா.

இசையையும் சரிபாருங்கள். பிடித்த திரைப்படப் பாடலின் பின்னணி இசையைச் சேர்த்துவிடுவது பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். உரிமையாளர் புகார் செய்தால் பக்கமே நீக்கப்படும். கென்னி என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் படங்களும் ஒலிகளும் எந்த நிபந்தனையும் இன்றிப் பயன்படுத்தத் தக்கவை. தமிழில் உரையாடல் வைத்திருந்தால், கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள். விளையாட்டு உருவாக்கப் பயன்படும் கோடோ மென்பொருளின் நான்காம் பதிப்பு தமிழைச் சரியாகக் காட்டுகிறது, வேறு சில கருவிகளில் இன்னும் எழுத்து உடைகிறது.

18 வயதுக்குப் பின் அடுத்த விளையாட்டோடு ஸ்டீமுக்குப் போகும்போது, அவசரம் கூடாது. கட்டணம் செலுத்தி 30 நாட்கள் கழித்துத்தான் வெளியிட முடியும். ‘விரைவில்’ என்ற அறிவிப்புப் பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் பொதுப் பார்வையில் இருக்க வேண்டும். இவை குறைந்தபட்ச அளவுகள்தாம். அந்தப் பக்கத்தை ஆறு மாதம் முன்பே திறந்து வைப்பதே அறிவுடைமை. பார்ப்பவர்கள் விஷ்லிஸ்ட் எனும் தங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள், வெளியாகும் நாளில் அவர்களுக்குக் கடையே தகவல் அனுப்பும். ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற முன்னோட்ட விழாவில் ஒரு விளையாட்டு ஒருமுறைதான் கலந்துகொள்ளலாம் என்பதால், அரைகுறை முன்னோட்டத்தை அங்கே கொண்டுபோய் அந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது.

வேலைவாய்ப்புக்கு இதனால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். விளையாட்டு நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில், பாதியில் நிற்கும் பெரிய கனவு விளையாட்டைவிட, முடித்து வெளியிட்ட இருபது நிமிட விளையாட்டு ஒன்றின் இணைப்புக்கு மதிப்பு அதிகம். கேம் டிசைன் என்ற பெயருள்ள படிப்பில்தான் சேர வேண்டும் என்பதில்லை. கணினி அறிவியலோ, வரைகலை ஆர்வம் இருந்தால் அனிமேஷனோ போதும். கணக்குப் பாடத்தை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளஸ் டூவில் படிக்கும் வெக்டர்தான் அவன் விளையாட்டில் பந்து சுவரில் பட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

பொதுத் தேர்வு முடியும்வரை கணினியில் ஞாயிறு ஒருநாள் இரண்டு மணி நேரம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அவன் விளையாட்டை இட்ச் தளத்தில் ஏற்றியதும் இணைப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் விளையாடிப் பார்த்து, எங்கெங்கே நின்றுபோனேன் என்று அவனுக்கே எழுதுகிறேன்.