சிஸ்டரம்மா பதில்கள்: ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

இந்த இதழுக்கு ஒரு கடிதம்கூடத் தபாலில் வரவில்லை. 2020 மார்ச் 24-ம் தேதி சாயங்காலம் 6 மணிக்குக் கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு போட்டதிலிருந்து எங்கள் பக்கம் பஸ் கிடையாது. உங்கள் கேள்விகள் எல்லாம் வாட்ஸ்அப்பில் குரலாக வந்தன. பாதிப் பேர் அழுதுகொண்டே பேசியிருக்கிறீர்கள். 33 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள் நான். திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. நாலு நாளாக நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது, இடது தோள் கனக்கிறது என்கிறார். தஞ்சாவூருக்குக் கூப்பிட்டால், "கொரோனா வார்டில் போட்டுவிடுவார்கள், செத்தால் முகத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள்" என்று எழுந்திருக்கவே மறுக்கிறார். ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிறோம். — வாசகர், பூதலூர்

தம்பி, இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற கேள்வியா இது? அன்று ராத்திரியே உங்களுக்குப் போன் செய்துவிட்டேன். அப்பா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஈ.சி.ஜி. எடுத்து மருந்து ஆரம்பித்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. இங்கே இதைப் போடுவது, இதேபோல ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்கும் மற்ற வீடுகளுக்காக.

என் அண்ணனுக்கு 66 வயது. பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் ராத்திரி 11 மணிக்கு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல வலி. வாயு என்று நினைத்துக்கொண்டார். மகனை எழுப்பவில்லை. எழுப்பினால் ஆஸ்பத்திரி, வழியில் போலீஸ், அங்கே போனால் கொரோனா என்று அவருக்குள் ஒரே ஓட்டம். சட்டை நனைய வியர்த்தும் விடியும்வரை திண்ணைத் தூணில் சாய்ந்தே உட்கார்ந்திருந்திருக்கிறார். காலையில் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். முதலில் போன கிளினிக் பூட்டியிருந்தது. இரண்டாவது இடத்தில் அவருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நிறுத்தி "இங்கே வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வாசலை நான் மன்னிக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 10. வலி ஆரம்பித்துப் பதினோரு மணி நேரம்!

மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்வது. அந்தக் கட்டியைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் அதன் பலனே வேறு. பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் பிரயோஜனம் இல்லை. அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் நாலு மா நிலத்தின் வரப்பை ஒரே நடையாகச் சுற்றி வந்தவர், இப்போது கொல்லைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறார்.

அவர் பயந்த போலீஸ் என்ன செய்தது தெரியுமா? காருக்குள் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தக் காவலர் தடுப்பைத் தானே இழுத்து நகர்த்தி வழி விட்டார். கொரோனா வார்டு பயத்துக்கும் பதில் உண்டு. காய்ச்சல், இருமலோடு வருகிறவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். நெஞ்சு வலி என்று போனால் அவசரப் பிரிவில் நெஞ்சு வலிக்குத்தான் பார்ப்பார்கள். சர்க்கரை இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். உங்களுக்கு வலியே பெரிதாகத் தெரியாமல், வியர்வையும் அசதியும் மட்டும் வந்துவிட்டுப் போகலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, ராத்திரி பகலும் கிடையாது.

மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், கும்பகோணத்தில். ஆட்டோக்காரர் வர மாட்டேன் என்கிறார். "ஒரு தடவை போகாவிட்டால் என்ன, உயிரா போய்விடும்" என்கிறார் மாமியார். — வாசகி, வலங்கைமான்

போகும் அம்மா. அதை அவர் காதில் விழும்படியே படித்துக் காட்டுங்கள்.

சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் தண்ணீரும் பொட்டாசியம் என்ற உப்பும் தங்கிவிடும். அதை வெளியே எடுப்பதுதான் டயாலிசிஸ். தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொண்டால் படுக்க முடியாது, உட்கார்ந்தே மூச்சு வாங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுபோகும், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். நம் ஊர்க் கொல்லையில் எதுவெல்லாம் கைக்கு எட்டுமோ அதிலெல்லாம் பொட்டாசியம் நிறைய: இளநீர், வாழைப்பழம், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை. சந்தைக்குப் போகாத வாழைத்தார் வீட்டில் பழுத்துத் தொங்குகிற நேரம் இது, வீணாகிறதே என்று ஒன்றை உரித்து அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். முதல் நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அதோடு அரை லிட்டர், அவ்வளவுதான் ஒரு நாளைக்கு அவருக்கான தண்ணீர். மோர், காபி, கஞ்சி எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும். நார்த்தங்காயும் கருவாடும் வேண்டாம், தாகம் எடுக்கும்.

வலங்கைமானிலிருந்து கும்பகோணம் கூப்பிடு தூரம்தான். ஆனால் நீங்கள் திருவாரூர் மாவட்டம், அது தஞ்சாவூர் மாவட்டம். நடுவில் தடுப்பு இருக்கும். டயாலிசிஸ் அட்டை, டாக்டரின் சீட்டு, மாமியாரின் ஆதார், மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மாவட்டம் தாண்டும் அனுமதிக்குக் கலெக்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். எந்தெந்தக் கிழமை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோக்காரரிடமும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். அவருக்கு மனசில்லாமல் இல்லை, வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயம். இந்த ஏற்பாடு எதுவும் நடக்காமல் மாமியாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டால், நாள் பார்க்காமல் 108.

டாஸ்மாக் மூடிய மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம், தூக்கமில்லை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். காற்று, கருப்பு என்று மந்திரிக்கச் சொல்கிறார்கள். — பெயர் வேண்டாம், மன்னார்குடி பக்கம்

காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று சாராயம் இல்லாமல் போனதும் படுகிற பாடு இது. முதல் நாளே நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவார், இல்லாததைப் பார்ப்பார். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. கட்டிப் போடாதீர்கள், அடிக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எத்தனை வருஷம், எவ்வளவு குடித்தார், எப்போது நின்றது என்று மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்தை அடக்க மருந்தும், வைட்டமின் பி-1 ஊசியும் இருக்கின்றன. சில நாளில் தெளிந்துவிடுவார்.

வார்னிஷ், ஷேவிங் லோஷன் எதுவும் அவர் கைக்கு எட்டக் கூடாது. மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்ததைக் குடித்துக் கண் போனவர்களை என் வார்டில் படுக்க வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. நீங்கள் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை அம்மா.

உளுந்து பறிக்கிற நேரம். ஆள் வைக்கலாமா? — வாசகர், திருத்துறைப்பூண்டி

வைக்கலாம். இந்த ஊரடங்கில் விவசாய வேலைக்கு விலக்கு உண்டு. வயல்வெளியில் நாலு முழம் தள்ளி நின்று பறிப்பது கஷ்டமில்லை. நான் பயப்படுவது கரையில் உட்காருகிற அந்தக் கால் மணி நேரத்துக்கு. ஒரே சொம்பில் தண்ணீர், ஒரே சுருக்குப்பையிலிருந்து வெற்றிலை, ஒரே டீ டம்ளர். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வரப்பிலேயே இருக்கட்டும். ஏற்றிப் போகும் வண்டியில் நெருக்கி உட்கார வைக்காதீர்கள்.

மகளுக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு நின்றுபோனது. அவள் பார்த்துக்கொண்டிருந்த நர்சிங் ஹோம் மூடிக் கிடக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையும் தீரப்போகிறது. — வாசகி, மயிலாடுதுறை

மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. மார்ச் 25-ம் தேதியே மத்திய அரசு தொலைமருத்துவ விதிமுறை வெளியிட்டிருக்கிறது. பார்த்த டாக்டரே போனில் பேசி, சீட்டைப் படம் எடுத்து அனுப்பலாம், அது செல்லும். கூப்பிட்டுக் கேளுங்கள். அதே கையோடு உங்கள் பகுதி கிராம சுகாதார நர்ஸிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் பார்ப்பார்கள். பிரசவம் நின்றுபோகவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், நீர்க்கசிவு, இரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவது, இதில் ஒன்று வந்தாலும் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

வளைகாப்பை வீட்டோடு செய்யுங்கள். கண்ணாடி வளையல் கடை திறக்கவில்லை என்றால் உங்கள் கை வளையலில் இரண்டைக் கழற்றிப் போடுங்கள். புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் கிளற யாரைக் கேட்க வேண்டும்?

என் மகள் சென்னையில் நர்ஸ். கொரோனா வார்டில் போட்டிருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று தினமும் அழுகிறேன். அவள் போனை எடுப்பதையே குறைத்துவிட்டாள். — வாசகி, நாச்சியார்கோவில்

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று நான் நாகப்பட்டினத்தில் வேலையில் இருந்தேன். ஒரு வாரம் வீட்டுக்கு வரவில்லை. என் அம்மாவும் உங்களைப்போலத்தான் அழுதார். அந்த அழுகையைக் கேட்டுவிட்டு வார்டுக்குள் போனால் எனக்குக் கை ஓடாது. அதனால் நானும் போனை எடுக்காமல் விட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் அடிவயிற்றைப் பிசைகிறது.

உங்கள் மகள் தலையிலிருந்து கால்வரை கவச உடை போட்டிருக்கிறாள். அதைக் கழற்றும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. வெளியே வந்து குளித்து முடிக்கும்போது பேசவே தெம்பு இருக்காது. எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் தோது என்று அவளையே கேட்டுக்கொண்டு அந்த நேரத்துக்கு மட்டும் கூப்பிடுங்கள். வா என்று சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். தெருவில் யார் வீட்டுப் பசு கன்று போட்டது, மாமரத்தில் எத்தனை வடு உதிர்ந்தது என்று சொல்லுங்கள். அப்படி ஒரு ராத்திரி என் அம்மா, கொல்லை வாழை குலை தள்ளிவிட்டது என்று சொன்னார். அன்றைக்குத்தான் நான் நாகப்பட்டினத்தில் முதல் தடவை தூங்கினேன்.