தினமும் அதே நீலச் சட்டை

மேடம், வணக்கம்.

எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தனியாக ஒரு வெளிநாட்டுப் பயணம் போக வேண்டும் என்பது பல வருட ஆசை. ஒருவழியாகப் பன்னிரண்டு நாள் லீவு போட்டு, எல்லா ஏற்பாட்டையும் நானே செய்துகொண்டு கிளம்பி வந்துவிட்டேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, தெரிந்தவர்கள் படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்று ஐந்தாவது நாள். ஹோட்டல் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், மணி மதியம் இரண்டு, இன்னும் திரைச்சீலையைக்கூட விலக்கவில்லை.

வந்த அன்று இரவு தூக்கமே இல்லை. லிஃப்ட் சத்தம் கேட்டாலே விழித்துக்கொண்டேன். மறுநாள் அந்தத் தூக்கக் கலக்கத்தோடு மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் மெஷினில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை, எத்தனை மண்டலம் என்று கேட்கிறது, எனக்கு எந்த மண்டலம் என்றே தெரியாது. யோசித்துக்கொண்டே நின்றதில் திரை மறுபடி முதல் பக்கத்துக்கே போய்விட்டது, இரண்டு தடவை. பின்னால் வரிசை நீண்டுவிட்டது. பின்னால் நின்றவர் கையை நீட்டி ஏதோ சொன்னார். எனக்கு முகமெல்லாம் சூடாகி, "ஸாரி" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டே வந்துவிட்டேன். படிக்கட்டு ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, போனைப் பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டே அழுதேன். அப்புறம் வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டதால் திசையே தெரியவில்லை. போன் வரைபடத்தில் அந்த நீலப் புள்ளி இங்கே அங்கே என்று தாவிக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த ஹோட்டலுக்கு வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது.

அன்றிலிருந்து தெருமுனை வரை போவேன், திரும்பி வந்துவிடுவேன். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது, அதனால் வாங்கிக்கொண்டு அறைக்கே வந்துவிடுகிறேன். வீட்டுக்கு மட்டும் தினமும் ஒரு படம் அனுப்புகிறேன். எல்லாமே முதல் நாள் மாலை எடுத்தவை, ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்று என் தங்கை, "என்னக்கா, தினமும் அதே நீலச் சட்டை?" என்று கேட்டாள். துணி அதிகம் எடுத்து வரவில்லை என்று சமாளித்தேன்.

டிக்கெட்டை மாற்றிக்கொண்டு திரும்பி வந்துவிடலாமா? "தனியா எதுக்குப் போற" என்று கேட்ட அம்மா முன்னால் போய் நிற்க வேண்டுமே என்றும் இருக்கிறது. ஆபீஸில் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். உண்மையில் நான் கோழையா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் பயணம் முடிவதற்குள் பதில் வர வேண்டும் என்பதால் சுருக்கமாக அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதினேன். இங்கே இருப்பது அதன் விரிவு, உங்கள் அனுமதியோடு.

முதலில் அந்த நீலச் சட்டை. படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள், ஆனால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான இடம் அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் அங்கே இரண்டு வேலை பார்க்கிறீர்கள். ஒன்று, புது ஊரைச் சமாளிப்பது. இன்னொன்று, நடக்காத ஒரு பயணத்தை தினமும் தயாரித்து வீட்டுக்கு அனுப்புவது. இரண்டாவது வேலைதான் உங்களை அதிகம் களைப்பாக்குகிறது, அதோடு பேசி ஆறுதல் அடையக்கூடிய ஒரே கதவையும் அதுதான் அடைத்து வைத்திருக்கிறது. இன்றைக்கே தங்கையைக் கூப்பிடுங்கள். அம்மாவிடம் இப்போது வேண்டாம். "கொஞ்சம் பயந்து போயிருக்கேன், திரும்பி வான்னு சொல்லாத, சும்மா கேட்டுக்கோ" என்று ஆரம்பித்தால் போதும். சட்டையைக் கவனித்தவள் பாதியை ஏற்கெனவே ஊகித்திருப்பாள்.

அடுத்து, உங்களைப் பற்றி நீங்கள் தீர்ப்பு எழுதிய நாள் எது என்று பாருங்கள். தூங்காத இரவுக்கு அடுத்த நாள். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பது தூக்கத்தை ஆராய்கிறவர்களுக்கு ரொம்ப காலமாகத் தெரிந்த விஷயம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர்கள் 2016-இல் அதற்கு ஒரு காரணத்தைக் கண்டார்கள்: முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை, பழகாத சத்தத்துக்குச் சட்டென்று விழித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் காவலுக்கு உட்கார்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். உங்களை எழுப்பிய லிஃப்ட் சத்தம் அதுதான். இதோடு நேர வித்தியாசமும் சேர்ந்தால், உடம்பின் கடிகாரம் ஒரு மணி நேரத்தைச் சரிசெய்துகொள்ள ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அந்த நிலைமையில் ஒரு மெஷின் முன்னால் நின்று தடுமாறியதை வைத்து 36 வருட வாழ்க்கைக்குக் கோழை என்று பட்டம் கட்டிக்கொள்வது நியாயமில்லை.

அப்புறம், அந்த மெஷின் ஏன் அவ்வளவு ஆட்டிப் படைத்தது? வேலையில் இதைவிடச் சிக்கலான திரைகளை நீங்கள் நாள் முழுக்கப் பார்க்கிறவர். கலாச்சார அதிர்ச்சி என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைப் பரவலாக்கிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொல்கிறார்: நம்மை அதிகம் அலைக்கழிப்பது பெரிய வித்தியாசங்களைவிட, யோசிக்காமலே நாம் நம்பியிருந்த சின்னச் சின்ன அடையாளங்கள் காணாமல் போவதுதான். எப்போது கை நீட்டுவது, எங்கே வரிசை, எந்தத் தொனி கோபம், எந்தத் தொனி உதவி, இதெல்லாம் சொந்த இடத்தில் உடம்புக்கே தெரியும். அங்கே ஒவ்வொன்றையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பின்னால் நின்றவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது, கவனித்தீர்களா? "இந்தப் பட்டனை அழுத்துங்க" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். புரியாத வாக்கியத்தை உங்கள் மனம் திட்டாக மொழிபெயர்த்துக்கொண்டது.

எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதும் கிட்டத்தட்ட இதே கதை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் குழு 2000-இல் ஒரு சோதனை செய்தது. ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட, போட்டுக்கொள்ளவே கூச்சமான டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். தனியாகச் சாப்பிடுகிறவரை அந்தக் கால்வாசிப் பேர் பார்த்தாலும், தன் தட்டுக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும்?

சரி, என்ன செய்வது? "பயத்தை உடைத்தெறி, தெரியாத இடத்தில் குதி" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உங்களுக்கு இப்போது தேவை பெரிய ஊரில் ஒரு சின்ன இடம், அது உங்கள் கால்களுக்குத் தெரிந்த இடமாக வேண்டும். கால்களுக்கு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இடத்தை நினைவில் வைக்கும் செல்கள் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இருக்கின்றன, ஜான் ஓ'கீஃப் 1971-இல் எலிகளிடம் கண்டுபிடித்தார், அதற்காக மோசர் தம்பதியோடு சேர்த்து 2014-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நாம் ஒரு இடத்தில் நடமாட நடமாட அந்த வரைபடம் உள்ளே உருவாகிறது. போன் சொல்கிறபடி திரும்பிக்கொண்டே போனால் அது சரியாக நடப்பதில்லை. லண்டனின் சோஹோ தெருக்களைத் திரையில் காட்டி 2017-இல் ஒரு ஆய்வு செய்தார்கள். தானாக வழி தேடியவர்களுக்குப் புதுத் தெருவில் நுழையும்போதெல்லாம் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது, வழிகாட்டிக் கருவி சொல்லச் சொல்ல நடந்தவர்களுக்கு அது நடக்கவில்லை. உங்கள் நீலப் புள்ளி தாவியதும் நீங்கள் அநாதையாக நின்றது அதனால்தான். உள்ளே வேறு வரைபடமே இல்லை.

அதனால் ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் வாசலில் இருந்து பத்து நிமிட தூரத்தில் பெஞ்ச் இருக்கிற ஒரு இடம், பூங்காவோ சதுக்கமோ நூலக வாசலோ. போனைப் பையில் வையுங்கள் (ஹோட்டல் முகவரியை உள்ளூர் எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்றை வரவேற்பில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது இருந்தாலே பாதிப் பயம் குறையும்). போகும்போது ஒவ்வொரு முனையிலும் நின்று, ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது தெரு வேறு முகம் காட்டும், அந்த முகத்தை முன்னாடியே பார்த்து வைத்துக்கொண்டால் வழி தவறுவது குறைவு. பழைய வழிப்போக்கர்கள் செய்கிற வேலைதான் இது. பெஞ்சில் இருபது நிமிடம் உட்காருங்கள், வாருங்கள். மறுநாள் அதே நேரம், அதே வழி, அதே பெஞ்ச். சலிப்பாக இருக்கும். இருக்கட்டும், சலிப்பு வருகிறது என்றால் பயம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது நாள் நாயோடு நடக்கிற ஒருவர் உங்களைப் பார்த்துத் தலையசைக்கலாம், அசைக்காமலும் போகலாம், நீங்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வீர்கள், அது போதும். அங்கிருந்து ஒரு தெரு கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தப் பயணமும் நான்கு தெருவுக்குள் முடிந்தால்தான் என்ன?

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆளில்லாத தெருவில் ராத்திரி வருகிற பயமும், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்றும்போது வருகிற பயமும் வேறு. அவற்றோடு சண்டை போடாதீர்கள், உடனே வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள்.

திரும்பி வரலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக வரலாம். ஆனால் ராத்திரியிலோ அழுத ஒரு மணி நேரத்துக்குள்ளோ டிக்கெட்டில் கை வைக்காதீர்கள். இரண்டு நாள் அந்தப் பெஞ்சுக்குப் போய்விட்டு, பகலில், வயிறு நிறைந்திருக்கும்போது முடிவெடுங்கள். அப்போதும் வர வேண்டும் என்று தோன்றினால் வந்துவிடுங்கள். அம்மா ஏதாவது சொல்வார், சொல்லட்டும், இது வரை சொல்லாமலா இருந்தார். ஆனால் தொடர்ந்து மூன்று நான்கு இரவு கொஞ்சமும் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பும் மூச்சுத் திணறலும் திரும்பத் திரும்ப வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை, அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் பெஞ்ச் யோசனையை விட்டுவிடுங்கள், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பயணக் காப்பீட்டு அட்டையில் உதவி எண் இருக்கும், இல்லாவிட்டால் வரவேற்பில் இருப்பவரிடம் "டாக்டர்" என்ற ஒரு வார்த்தை போதும்.

அந்த டிக்கெட் மெஷினுக்கும் ஒரு நாள் போய் வாருங்கள், ரயில் ஏற அல்ல. அலுவலகக் கூட்டம் கலைந்த பிறகு, பதினொரு மணி வாக்கில், பின்னால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பாருங்கள். கடைசியில் பணம் கேட்கும் பக்கம் வந்ததும் ரத்து செய்துவிட்டு வாருங்கள். போகும்போது வேறு சட்டை போட்டுக்கொள்ளுங்கள், தங்கைக்கு ஒரு படம் அனுப்ப வேண்டியிருக்கும்.