சிக்கிள் செல் கேரியருக்கு இரத்தம் கெட்டியா? தமனி அடைக்குமா? கேள்வி-பதில்

கே: ரிப்போர்ட்டில் 'சிக்கிளிங் டெஸ்ட் பாசிட்டிவ்' என்று இருக்கிறது. நான் கேரியர்தானே?

சிக்கிள் செல் நோய் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாக மாறும் பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவர் கேரியர். அணுக்கள் அப்படி மாறுகின்றனவா என்று பார்ப்பதே சிக்கிளிங் டெஸ்ட்; இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கேரியருக்கும் பாசிட்டிவ், நோயாளிக்கும் பாசிட்டிவ். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரிசிஸ் பரிசோதனை செய்யுங்கள். கேரியருக்கு அரிவாளாக்கும் வகையான ஹீமோகுளோபின் எஸ் பொதுவாக 35–40 சதவீதம். ஆல்ஃபா தலசீமியாவும் (ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் பரம்பரைக் கோளாறுகளில் ஒரு வகை) இருந்தால் இன்னும் குறையும். இயல்பான வகையான ஏ எப்போதும் எஸ்-ஸைவிட அதிகம். எஸ் முந்தினால் அது கேரியர் நிலை அல்ல, தலசீமியாவின் இன்னொரு வகையான பீட்டா தலசீமியா சேர்ந்திருக்கலாம். சமீபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. சதவீதம் குறிப்பிடாமல் கேள்வி அனுப்பாதீர்கள்; எத்தனை முறை சொன்னாலும் அப்படித்தான் வருகிறது.

கே: கேரியர் என்பதால் இரத்தம் கெட்டிப்பட்டுத் தமனி அடைக்கும் என்று தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. போடுகிறேன். இது போதுமா?

யார் எழுதிக் கொடுத்தார்கள், ஏற்கெனவே இதயக் கோளாறு உண்டா, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒன்றுமே எழுதவில்லை. கேரியர் என்ற ஒரே காரணத்துக்காக ஆஸ்பிரின் வேண்டாம்.

ஆஸ்பிரின் இரத்தத்தை நீர்க்கச் செய்யாது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இரத்தம் எவ்வளவு கெட்டி என்பதைப் பெரும்பாலும் ஹெமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, தீர்மானிக்கிறது. அடுத்தது ஃபைப்ரினோஜென் போன்ற பிளாஸ்மா புரதங்கள், பிறகு சிவப்பணு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது. இந்த மூன்றில் எதையும் ஆஸ்பிரின் குறைப்பதில்லை. கேரியர்கள் சிலருக்கு அளந்து பார்த்தால் கெட்டித்தன்மை சற்றுக் கூடுதலாக இருப்பது உண்மை. உடலில் நீர் வற்றினால் அது மேலும் ஏறும். உழைக்கும்போது தண்ணீர் குடித்து வந்தால் இறங்கும்.

ஆனால் தமனி அடைப்பு வேறு விஷயம். சிவப்பணு அரிவாளாக மாற ஆக்சிஜன் குறைய வேண்டும், அந்த நிலையில் அது சற்று நேரம் தங்கவும் வேண்டும். பெரிய தமனியில் ஆக்சிஜனும் நிறைவு, ஓட்டமும் வேகம். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வுகளில் கேரியர்களுக்கு மாரடைப்போ, அடைப்பால் வரும் பக்கவாதமோ கூடுதலாக வரவில்லை. தமனியைக் கெடுப்பவை எல்.டி.எல். கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை. ஆஸ்பிரினை நம்பி இந்த நான்கையும் பார்க்காமல் விடுவதுதான் எனக்கு ஆற்றாமை. போதாக்குறைக்கு வயிற்றில் இரத்தக்கசிவு அபாயம்; கேரியர்களுக்குச் சிறுநீரில் இரத்தம் வரும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு, அதையும் ஆஸ்பிரின் கூட்டும். ஸ்டென்ட் வைத்தவர்களும் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் கணக்கு வேறு.

கே: அப்படியானால் உறைகட்டி பயமே இல்லையா?

உண்டு, சிரைப் பக்கம், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில். நுரையீரலில் உறைகட்டி அடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை, கர்ப்பம், ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரை ஆகியவற்றின்போது மருத்துவரிடம் கேரியர் என்று சொல்லிவிடுங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல் என்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கே: சிறுநீர் சிவப்பாகப் போனது, வலி இல்லை. விட்டுவிடலாமா?

கூடாது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, அமிலமும் உப்பும் அதிகம். கேரியருக்கும் அங்கே செல்கள் அரிவாளாகும். பெரும்பாலும் காரணம் அதுதான். ஆனாலும் கல், தொற்று, அரிதாக இளவயதில் வரும் சிறுநீரக மெடுல்லரி புற்றுநோய் ஆகியவற்றை ஸ்கேனில் விலக்கிய பிறகே அப்படிச் சொல்லலாம். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று அறிய, வருடம் ஒருமுறை சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்க வேண்டாம்.

கே: ஓட்டப்பயிற்சி செய்யலாமா?

தாராளமாக. முதல் நாளே முழு வேகம் வேண்டாம்; சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். சுற்றுகளுக்கு நடுவே ஓய்வும் தண்ணீரும் வேண்டும். காய்ச்சலோடு ஓடக் கூடாது. தொடையும் இடுப்பும் திடீரென்று துவண்டால் அங்கேயே நிறுத்துங்கள். சாதாரணத் தசைப்பிடிப்பில் தசை கல்லாக இறுகும். அரிவாள் அணுக்களால் வரும் இந்தத் துவளலில் தொட்டால் மெத்தென்றே இருக்கும், ஆள் பேசிக்கொண்டே சரிவார். அதன் பிறகு சிறுநீர் கறுத்த பழுப்பாக வந்தால் தசை சிதைகிறது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் கறுப்பின வீரர்களிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வில் கேரியர்களுக்கு இந்தத் தசைச் சிதைவு ஒன்றரை மடங்கு. புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு. இறப்பு கூடவில்லை.

கே: மலையேற்றம்? விமானம்?

விமானம் சரி. சுமார் 10,000 அடிக்கு மேல் இடது விலா எலும்புக்குக் கீழ் வலித்தால் மண்ணீரல் பாதிப்பாக இருக்கலாம். இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.

கே: எச்.பி.ஏ.1சி. 6.3. சர்க்கரை நோய் இல்லை என்று நிம்மதி அடையலாமா?

வேண்டாம். கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் இந்தப் பரிசோதனை, கேரியர்களுக்குச் சராசரியாக 0.3 அளவு குறைத்துக் காட்டக்கூடும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பாருங்கள்.

கே: ஹீமோகுளோபின் 9. கேரியர் என்பதால்தானே?

இல்லை. கேரியர் நிலை இரத்தசோகை தராது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து இரும்புச்சத்துக் குறைவிலிருந்து தேடுங்கள்.

கே: நான் கேரியர். கணவருக்குச் சிக்கிளிங் டெஸ்ட் நெகட்டிவ். குழந்தை பெறலாமா?

அவருக்கும் எச்.பி.எல்.சி. வேண்டும். பீட்டா தலசீமியா கேரியர் என்றாலோ ஹீமோகுளோபினின் வேறு மாறுபட்ட வகைகளான சி, டி, ஈ இருந்தாலோ சிக்கிளிங் டெஸ்ட் காட்டாது. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முடிவு வந்ததும், சதவீதங்களோடு, மரபியல் ஆலோசகரிடம் போங்கள்.